மான் வேட்டைத் தோட்டாவுக்கு எது அளவுகோல்?

அமெரிக்காவில் மானை எந்த மாதத்தில், எத்தனை, எந்த ஆயுதத்தால் சுடலாம் என்பதை வாஷிங்டனில் உள்ள மத்திய அரசு தீர்மானிப்பதில்லை. காட்டு விலங்குகள் அந்தந்த மாநில மக்களின் பொதுச் சொத்து, மாநில அரசு அவற்றின் காப்பாளர் மட்டுமே என்னும் சட்டக் கோட்பாட்டின்படி, ஐம்பது மாநிலங்களும் தத்தம் வனவிலங்குத் துறைகள் வழியே தனித்தனி விதிகளை வகுத்துக் கையேடுகளாக வெளியிட்டு வருகின்றன. வேட்டையைச் சட்டம் தடைசெய்துவிட்ட இந்தியாவில் ‘சுடலாமா’ என்ற கேள்வியோடு விவாதம் நின்றுவிடுகிறது. வேட்டைப் பருவத்தைச் சட்டமே திறந்து சட்டமே மூடும் அந்த நாட்டிலோ, ‘எதனால் சுடுவது’ என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. அந்தக் கேள்விக்கு மாநிலங்கள் அளித்துள்ள விடைகளில் பெரும்பாலானவை துப்பாக்கியின் வகையையும் தோட்டாவின் வடிவத்தையும் பற்றியவையாகவே உள்ளன. சுட்ட பிறகு அந்தத் தோட்டா என்ன செய்கிறது என்பதைப் பற்றி அவை கேட்பது மிகக் குறைவு.

வேட்டை அங்கே ஏன் அனுமதிக்கப்படுகிறது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். சந்தைக்காக வரைமுறையின்றிச் சுட்டுத் தள்ளியதால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சில லட்சமாகச் சுருங்கிப்போன வெண்வால் மான்கள், 1900ஆம் ஆண்டின் லேசி சட்டம் கள்ள வேட்டை இறைச்சியின் மாநிலம் தாண்டிய வணிகத்தைத் தடுத்ததாலும், மாநிலங்கள் வேட்டைக்குக் காலவரையறை விதித்ததாலும் மீண்டு, இன்று ஏறத்தாழ 3 கோடியாகப் பெருகியிருக்கின்றன. அவற்றைத் தின்று கட்டுப்படுத்திய ஓநாயும் மலைச்சிங்கமும் நாட்டின் கிழக்குப் பாதியில் பெரும்பாலும் அழிக்கப்பட்டுவிட்டன. இளங்கன்றுகளை மான்கள் மேய்ந்துவிடுவதால் காடு புதுப்பிக்கப்படாமல் போவதும், பயிர்ச் சேதமும், ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் நிகழும் வாகன மோதல்களும் சேர்ந்து, துப்பாக்கி ஏந்திய மனிதரையே எஞ்சியிருக்கும் வேட்டையாடும் விலங்காக ஆக்கியிருக்கின்றன. மிச்சிகனில் நவம்பர் 15 அன்று துப்பாக்கிப் பருவம் தொடங்கும்போது பல ஊர்களில் பள்ளிக்கூடங்களுக்கே விடுமுறை விடப்படுகிறது என்றால், அது ஒரு சிறு குழுவின் பொழுதுபோக்கு அல்ல என்பது விளங்கும். இத்தனை பேர் ஒரே வாரத்தில் தோட்டாவோடு காட்டுக்குள் இறங்கும் நாட்டில், அந்தத் தோட்டாவைப் பற்றிய விதி தெளிவாக இருப்பது அவசியம்.

விதிகளில் பழையதும் பரவலானதுமான ஒன்று ஓஹையோ, இண்டியானா, இல்லினாய், அயோவா, தெற்கு மிச்சிகன், தெற்கு மின்னசோட்டா ஆகிய சமவெளிப் பகுதிகளில் நெடுங்காலம் நிலவிய ‘ரவைத் துப்பாக்கி மட்டும்’ என்ற விதி. ரைஃபிள் என்பது குழலின் உட்புறத்தில் திருகுபோல வரித்தடம் வெட்டப்பட்ட துப்பாக்கி. அந்தத் தடம் குண்டைச் சுழலவைத்து நெடுந்தொலைவுக்கு நேராகச் செலுத்துகிறது. ரவைத் துப்பாக்கியின் குழல் வழுவழுப்பானது. பறவைகளைச் சுடப் பல சிறு ரவைகளை ஒருசேர வீசுவதற்கென்று அமைந்த அதில், மானுக்காக விரலளவு தடித்த ஈயக் குண்டு ஒன்றை மட்டும் இட்டுச் சுடுவார்கள். மேடு பள்ளமற்ற மக்காச்சோள வயல்களுக்கு நடுவே வீடுகளும் சாலைகளும் சிதறிக் கிடக்கும் நாட்டுப்புறத்தில், குறி தவறிய ரைஃபிள் குண்டு எங்கே போய் விழும் என்ற அச்சத்திலிருந்து பிறந்த விதி இது. அந்த அச்சம் நியாயமானது. ஆனால் விதியின் அடியில் இருக்கும் அனுமானம், அதாவது ரவைத் துப்பாக்கியின் குண்டு எப்போதும் ரைஃபிளின் குண்டைவிட ஆபத்துக் குறைந்தது என்பது, நீண்ட காலம் யாராலும் சோதித்துப் பார்க்கப்படவில்லை.

பென்சில்வேனியா சட்டமன்றத்தின் நிதிக் குழு ஒன்றுக்காக 2007இல் செய்யப்பட்ட ஆய்வு அதைச் சோதித்தது. குழலை 35 பாகை உயர்த்திச் சுட்டால், ‘30-06’ எனப்படும் பரவலான ரைஃபிள் தோட்டாவின் குண்டு ஏறத்தாழ 4.2 கி.மீ. போகும் என்றும், ரவைத் துப்பாக்கியின் ஒற்றைக் குண்டு சுமார் 3.2 கி.மீ. போகும் என்றும், குழல் வாய் வழியே மருந்தும் குண்டும் கெட்டிக்கும் பழைய முறைத் துப்பாக்கியின் குண்டு சுமார் 2.8 கி.மீ. போகும் என்றும் அது கணக்கிட்டது. இதுவரை எல்லோரும் எதிர்பார்த்ததே. ஆனால் எந்த வேட்டைக்காரரும் மானை வானத்தில் தேடுவதில்லை. குழல் தரைக்கு இணையாக இருக்கும் நிலையில், அதாவது மெய்யான வேட்டையில் பெரும்பாலும் அமையும் நிலையில், தரையில் பட்டுத் தெறித்துச் செல்லும் தொலைவையும் சேர்த்துப் பார்த்தபோது வரிசை மாறியது. வேகமாகப் பாயும் ரைஃபிள் குண்டு மண்ணில் மோதிச் சிதைந்து விசை இழந்துவிட, கனத்த மந்தக் குண்டு உருக்குலையாமல் எழும்பித் தொடர்ந்து சென்று, ரவைத் துப்பாக்கியை ரைஃபிளைவிட ஆபத்தானதாக ஆக்கியது. எல்லா நிலைகளிலும் ஆபத்துக் குறைந்ததாகத் தேறியது வாய் வழி கெட்டிக்கும் துப்பாக்கி ஒன்றே.

இந்த முடிவு வெளிவருவதற்கு முன்பே தொழில்துறை இன்னொரு வகையில் அந்த விதியைக் கரைத்துவிட்டிருந்தது. ரவைத் துப்பாக்கிக்கே வரித்தடம் வெட்டிய குழலைப் பொருத்தி, குழலைவிடச் சிறிய குண்டைப் பிளாஸ்டிக் உறையில் பொதிந்து சுடும் முறை பரவியபோது, பெயரளவில் ரவைத் துப்பாக்கியாக இருந்த ஆயுதம் நடைமுறையில் ஒரு கனத்த ரைஃபிளாக மாறிவிட்டது. சட்டத்தில் எழுதப்பட்ட பெயர் அப்படியே இருந்தது. அது குறித்த பொருள்தான் மாறிப்போனது.

அடுத்து வந்த ‘நேர்ச்சுவர்த் தோட்டா’ விதியின் வரலாறு இதைவிடச் சுவையானது. தோட்டா என்பது குண்டு, அதைத் தள்ளும் வெடிமருந்து, இரண்டையும் ஏந்தும் பித்தளைக் கூடு, மருந்தைப் பற்றவைக்கும் அடிமூடி ஆகியவற்றின் தொகுப்பு. பெரும்பாலான ரைஃபிள் தோட்டாக்களில் கூடு புட்டியைப் போல உடல் பருத்துக் கழுத்துக் குறுகியிருக்கும். அதனால் நிறைய மருந்து மெல்லிய குண்டு ஒன்றை மிகுந்த வேகத்தில் தள்ளுகிறது. கழுத்தே இல்லாமல் நேராக எழும் கூட்டில் மருந்தின் அளவு குறைவு, குண்டு தடித்தது, காற்றில் விரைவாக வேகம் இழப்பது. ஆகவே ரைஃபிளை அனுமதித்து, தோட்டா மட்டும் நேர்ச்சுவருடையதாக இருக்க வேண்டும் என்று வகுத்தால், ரவைத் துப்பாக்கியின் குறுகிய வீச்சும் ரைஃபிளின் துல்லியமும் ஒருங்கே கிடைக்கும் என்று மாநிலங்கள் கருதின. மிச்சிகன் 2014இல் தன் தென்பகுதிக்கு வகுத்த விதி, குண்டின் விட்டம் 0.35 அங்குலம் அல்லது அதற்கு மேலும், கூட்டின் நீளம் 1.16 அங்குலத்துக்குக் குறையாமலும் 1.80 அங்குலத்துக்கு மிகாமலும் இருக்க வேண்டும் என்றது. ஓஹையோவும் அதே ஆண்டில் நேர்ச்சுவர்த் தோட்டாக்களை அனுமதித்தது. அயோவா சில ஆண்டுகள் கழித்துப் பின்தொடர்ந்தது.

விதி வெளியானதும் தோட்டாத் தொழிற்சாலைகள் அதை ஒரு தயாரிப்புக் குறிப்பாகவே எடுத்துக்கொண்டன. வின்செஸ்டர் நிறுவனம் 2019இல் ‘350 லெஜண்ட்’ என்ற தோட்டாவையும், ரெமிங்டன் 2023இல் ‘360 பக்ஹேமர்’ என்ற தோட்டாவையும் இந்த மாநிலங்களை மனத்தில் வைத்தே வடிவமைத்தன. பின்னதன் கூட்டு நீளம் மிகச் சரியாக 1.80 அங்குலம். அதற்கும் முன்பே, கூட்டு நீளத்துக்கு 1.625 அங்குலம் என்று வரம்பு வைத்திருந்த இண்டியானாவில், ஆர்வலர்கள் ஆற்றல் மிக்க புட்டி வடிவத் தோட்டாவின் கூட்டை அந்த அளவுக்கு அறுத்துத் தாமே புதிய தோட்டா செய்து, அம்மாநிலத்தவரின் செல்லப்பெயரான ‘ஹூசியர்’ என்பதையே அதற்குச் சூட்டியிருந்தனர். இதில் எவரும் சட்டத்தை மீறவில்லை. சட்டம் கூட்டின் நீளத்தைத்தான் கேட்டது. கேட்டதைக் கேட்டபடியே கொடுத்தார்கள். குண்டு எவ்வளவு தொலைவு போகலாம், எந்த விசையோடு போகலாம் என்று சட்டம் கேட்டிருந்தால் விடை வேறு விதமாக அமைந்திருக்கும்.

பழைய மண்டலங்கள் இப்போது ஒவ்வொன்றாகத் தளர்கின்றன. இல்லினாய் 2023 முதல் ஒரே தோட்டா ஏற்றும் ரைஃபிளை அனுமதித்தது. மின்னசோட்டா தன் ரவைத் துப்பாக்கி மண்டலத்தை 2026 தொடக்கத்திலிருந்து நீக்க முடிவு செய்து, வேண்டுமானால் மாவட்டங்கள் தாமே கட்டுப்பாடு விதித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டது. தவறான அளவுகோல் ஒன்றைக் கைவிடுவது சரியே. ஆனால் அதன் இடத்தில் சரியான அளவுகோலை வைக்காமல் கைவிட்டால், ஒரு மாவட்ட எல்லையின் இந்தப் பக்கம் குற்றமாக இருப்பது அந்தப் பக்கம் உரிமையாகிவிடும் குழப்பமே மிஞ்சும்.

சரியான அளவுகோல் எப்படி இருக்கும் என்பதற்கு உதாரணங்கள் உண்டு. ஜெர்மனியின் கூட்டாட்சி வேட்டைச் சட்டம், சிறிய ரோ மானைச் சுடும் குண்டுக்கு 100 மீட்டர் தொலைவில் குறைந்தது 1,000 ஜூல் ஆற்றல் எஞ்சியிருக்க வேண்டும் என்றும், செம்மான் போன்ற பெரியவற்றுக்குக் குறைந்தது 6.5 மி.மீ. விட்டமும் அதே தொலைவில் 2,000 ஜூல் ஆற்றலும் வேண்டும் என்றும் கூறுகிறது. குழல் வாயில் அளக்காமல் மான் நிற்கக்கூடிய தொலைவில் அளப்பதில்தான் அந்தச் சட்டத்தின் நுட்பம் இருக்கிறது. ஏனென்றால் புறப்படும்போது இரண்டு குண்டுகளுக்கு ஒரே ஆற்றல் இருந்தாலும், கூர்மையான குண்டும் மொட்டையான குண்டும் வழியில் இழப்பது ஒன்றல்ல. அமெரிக்காவிலேயே கொலராடோ மாநிலம் மானுக்கு விரிந்து பிளக்கும் வகைக் குண்டு, குறைந்தபட்ச விட்டம், குறைந்தபட்ச எடை, 100 கஜத்தில் 1,000 அடி-பவுண்டு ஆற்றல் என்று விதித்திருக்கிறது. இலக்கில் பட்டதும் விரியாமல் துளைத்து வெளியேறிவிடும் முழு உலோக உறைக் குண்டைப் பல மாநிலங்கள் தடுப்பதும் இதே நோக்கில்தான்: நுரையீரலும் இதயமும் உள்ள பகுதியில் அகன்ற காயம் ஏற்பட்டால் மான் சில நொடிகளில் வீழ்கிறது, ஊசித் துளை மட்டும் விழுந்தால் புதருக்குள் ஓடி மறைந்து நாள் கணக்கில் சாகிறது.

இதற்கு எதிராகக் கள அலுவலர்கள் சொல்லும் வாதம் புறக்கணிக்கத் தக்கதன்று. பனியில் நின்றுகொண்டிருக்கும் வேட்டைக் காவலர் ஒருவரால் கூட்டின் நீளத்தை அளவுகோல் வைத்துப் பார்த்துவிட முடியும். ஆற்றலை அங்கே எப்படி அளப்பது? இந்தச் சிக்கலுக்கு விடை கொலராடோ விதியிலேயே இருக்கிறது: தயாரிப்பாளர் தன் தோட்டாவுக்கென்று அறிவிக்கும் ஆற்றல் மதிப்பே அங்கே கணக்கில் கொள்ளப்படுகிறது. அதே வழியில் பெரும வீச்சுக்கும் ஓர் எல்லை விதித்து, அனுமதிக்கப்பட்ட தோட்டாக்களின் பட்டியலை மாநிலம் ஆண்டுதோறும் வெளியிடுவது அரிய காரியமன்று. காவலரின் வசதிக்காக விதியை எளிமையாக்கலாம். விதியின் நோக்கத்தையே அந்த வசதிக்காக விட்டுக்கொடுப்பது தகாது.

சுடும் வேகத்தைப் பற்றிய விதிகளை விரைவாகக் கடந்துவிடலாம். விசையை இழுக்கும் ஒவ்வொரு முறையும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் அரைத் தானியங்கித் துப்பாக்கியைப் பற்றி முடிவெடுக்கும் அதிகாரத்தைப் பென்சில்வேனியா 2016இல் தன் வேட்டை ஆணையத்துக்கு அளித்தபோது, அந்த ஆணையம் அடுத்த ஆண்டில் சிறு விலங்குகளுக்கு மட்டும் அனுமதி தந்து, மானுக்கு மறுத்துவிட்டது. அதே மாநிலம், சிக்கிமுக்கிக் கல்லால் பொறி எழுப்பும் பழங்காலத் துப்பாக்கிக்கென்றே 1974 முதல் தனிப் பருவம் நடத்தி வருகிறது. ஆனால் வேட்டை விபத்துகளில் பெரும்பங்கு சுட்டவரையோ அவரோடு வந்தவரையோ தாக்குபவை. அங்கே தவறுவது பெரும்பாலும் கண்ணும் கவனமும்தான். மேய்ன் மாநிலத்தில் 1988இல் ஒரு பெண் தன் வீட்டுக் கொல்லையில் நின்றபோது, அவர் அணிந்திருந்த வெள்ளைக் கையுறை மானின் வெள்ளை வால் என்று பிழையாகக் கருதப்பட்டுச் சுடப்பட்டு இறந்தார். அதன் பின் அம்மாநிலம் தோட்டாவைத் தொடாமல், இலக்கை ஐயமின்றி அடையாளம் கண்ட பிறகே சுட வேண்டும் என்ற கடமையைச் சட்டமாக்கியது. அடர் செம்மஞ்சள் மேலாடைக் கட்டாயமும் இந்த வகையைச் சேர்ந்ததே. மலிவான அந்தத் துணி காப்பாற்றிய உயிர்கள் பல துப்பாக்கி விதிகள் காப்பாற்றியவற்றைவிட அதிகமாக இருக்கலாம்.

பெரும்பாலான மாநிலக் கையேடுகளில் போதிய இடம் பெறாத செய்தி, தோட்டா எதனால் ஆனது என்பது. பெரும்பாலான மான் குண்டுகளின் உள்ளீடு ஈயம்; வெளியே மெல்லிய செப்பு உறை. எலும்பில் மோதும்போது ஈயம் கண்ணுக்குத் தெரியாத துகள்களாக உடைந்து தசை முழுவதும் சிதறுகிறது. வழக்கமான வேட்டையில் சுடப்பட்ட 30 வெண்வால் மான்களை எக்ஸ்-கதிர் கொண்டு ஆராய்ந்து 2009இல் வெளியான ஆய்வில், முப்பதிலும் உலோகத் துகள்கள் இருந்தன; அவற்றிலிருந்து அரைத்துக் கட்டப்பட்ட 234 இறைச்சிப் பொட்டலங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றில் துகள் இருந்தது; அந்த இறைச்சியை உண்ட பன்றிகளின் இரத்தத்தில் ஈய அளவு உயர்ந்தது. வடக்கு டகோட்டா மாநிலம் 2008இல், ஏழைகளுக்கு உணவு வழங்கும் மையங்களுக்குத் தானமாக வந்த அரைத்த மான் இறைச்சியைப் பகிர வேண்டாம் என்று அறிவுறுத்தியதும் இதனால்தான். குழந்தைகளின் இரத்தத்தில் பாதுகாப்பான ஈய அளவு என்று ஒன்று இல்லை என்பதே மருத்துவத்தின் இன்றைய நிலைப்பாடு.

மானைக் கீறிக் காட்டிலேயே விட்டுச் செல்லும் குடல் குவியல் பறவைகளின் குளிர்கால உணவாகிறது. ‘சயன்ஸ்’ இதழில் 2022இல் வெளியான ஆய்வு, 38 மாநிலங்களைச் சேர்ந்த 1,210 வெண்தலைக் கழுகுகளிலும் பொன்னிறக் கழுகுகளிலும் ஏறத்தாழ பாதிக்கு நாள்பட்ட ஈய நச்சு இருந்ததைக் கண்டது. பெரிய பிணந்தின்னிப் பறவையான கலிஃபோர்னியா காண்டர் 1982இல் உலகிலேயே 22 மட்டும் எஞ்சியிருந்தது. கூண்டில் வளர்த்து மீண்டும் காட்டில் விடப்பட்ட பிறகும் அதன் சாவுக்கு முதற்காரணமாக ஈயமே இருந்து வருகிறது. வாத்து வேட்டையில் ஈய ரவையை நாடு முழுவதும் 1991இலேயே தடைசெய்த அரசு, மானைச் சுடும் ஈயக் குண்டில் ஏன் கை வைக்கவில்லை?

விடையின் ஒரு பகுதி சட்ட நூலின் ஒரு மூலையில் இருக்கிறது. 1937ஆம் ஆண்டின் பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி, ரைஃபிள், ரவைத் துப்பாக்கி, தோட்டா ஆகியவற்றின் மீது விதிக்கப்படும் 11 விழுக்காட்டு உற்பத்தி வரி மாநில வனவிலங்குத் துறைகளுக்குப் பகிரப்படுகிறது. வேட்டை உரிமக் கட்டணத்தோடு அதுவே அவற்றின் முதன்மை வருவாய். 1976இல் நச்சுப் பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டபோது, இந்த வரிக்கு உட்படும் தோட்டாக்கள் அந்தச் சட்டத்தின் பிடியிலிருந்து விலக்கப்பட்டன. வரிப் பட்டியலில் இருப்பதே நச்சுப் பட்டியலில் இல்லாமலிருக்கக் காரணமாகிவிட்டது. காட்டு விலங்கைக் காக்கும் பணம் எந்தப் பொருளிலிருந்து வருகிறதோ, அந்தப் பொருளின் நஞ்சைக் கேள்வி கேட்கும் அதிகாரம் அதே வரிப்பிரிவைச் சுட்டியே மறுக்கப்படுவது விந்தைதான். ஈயக் குண்டை அந்தச் சட்டத்தின் கீழ்க் கட்டுப்படுத்தக் கோரிய அமைப்புகளின் வழக்கை வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2014இல் ஏற்கவில்லை. மத்திய வனவிலங்குச் சேவைத் துறை 2017 ஜனவரி 19 அன்று, ஆட்சி மாறுவதற்கு முந்தைய நாளில், தன் காப்பிடங்களில் ஈயத்தைப் படிப்படியாக நீக்கும் ஆணையைப் பிறப்பிக்க, புதிய அமைச்சர் மார்ச் 2 அன்று அதை ரத்து செய்தார்.

கலிஃபோர்னியா தனி வழியில் சென்றது. காண்டர் வாழும் பகுதியில் 2008இல் தொடங்கிய தடையை 2013இல் இயற்றிய சட்டத்தால் 2019 ஜூலை 1 முதல் மாநிலம் முழுவதற்கும், எல்லா வேட்டைக்கும் விரித்தது. ஆனால் தோட்டா வாங்குபவரின் பின்னணியைச் சரிபார்க்கும் வேறொரு சட்டமும் அதே நாளில் நடைமுறைக்கு வந்ததால், ஈயத் தடையும் துப்பாக்கியைப் பறிக்கும் முயற்சியின் ஒரு பகுதியே என்ற வேட்டைக்காரரின் சந்தேகத்துக்கு அரசே தீனி போட்டதாயிற்று. அரிசோனா சட்டம் எதுவும் இயற்றாமல், கைபாப் பீடபூமியில் வேட்டையாட வருவோருக்கு 2005 முதல் ஈயமற்ற தோட்டாவை இலவசமாகக் கொடுத்தது. பெரும்பான்மையோர் மனமுவந்து அதைப் பயன்படுத்தினர், இல்லையேல் குடல் குவியலைக் காட்டிலிருந்து அகற்றினர். சட்டத்தின் வேலையை நம்பிக்கை செய்தது என்று இதைப் புகழலாம். ஆனால் ஒரு சிறு பீடபூமிக்குக் கட்டுப்படியாகும் இலவசம் கோடிக்கும் மேற்பட்ட வேட்டைக்காரருக்குக் கட்டுப்படியாகாது, ஒரு சில குவியல்களில் எஞ்சும் ஈயமே காண்டருக்குப் போதும். ஈய ரவையை 1996இலேயே தடுத்த டென்மார்க், 2024 ஏப்ரல் 1 முதல் ரைஃபிள் குண்டிலும் ஈயத்தைத் தடுத்தது; அந்த நாட்டில் வேட்டை நிற்கவில்லை.

மாற்று உலோகமான செம்பு குறைபாடற்றது என்று சொல்ல முடியாது. ஈயத்தைவிட அடர்த்தி குறைந்த செம்பில் அதே எடைக் குண்டு நீளமாக அமைய வேண்டியிருப்பதால், தளர்ந்த வரித்தடம் கொண்ட சில பழைய குழல்களில் அது நிலையாகச் சுழல்வதில்லை, விலையும் கூடுதல். கைத்துப்பாக்கியிலும் பயன்படக்கூடிய அளவுகளில் பித்தளைக் குண்டு செய்ய முனைந்தால், காவலரின் கவசத்தைத் துளைக்கும் தோட்டாக்களைத் தடுக்க 1986இல் இயற்றப்பட்ட சட்டத்தின் உலோகப் பட்டியலில் பித்தளையும் இருப்பது குறுக்கே நிற்கிறது. இங்கும் சட்டம் விளைவை விட்டுப் பொருளின் பெயரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இவை தீர்க்கக்கூடிய சிக்கல்கள். நான்கைந்து ஆண்டு அவகாசமும், வரி வருவாயிலிருந்தே தொடக்க கால விலைச் சலுகையும் கொடுத்தால் பெரும்பாலான வேட்டைக்காரர்கள் மாறிக்கொள்வார்கள்.

அதுவரை காத்திருக்க வேண்டாத இடம் ஒன்று உண்டு. மின்னசோட்டாவில் தானமாக வரும் மான் இறைச்சியை வேளாண் துறை எக்ஸ்-கதிரில் சோதித்து, துகள் தெரியும் பொட்டலங்களை ஒதுக்கிவிடுகிறது. தன் குண்டைத் தானே தேர்ந்தெடுத்து, தன் இறைச்சியைத் தானே உண்ணும் வேட்டைக்காரர் ஆபத்தை அறிந்தே ஏற்கிறார் என்று வாதிடலாம். உணவு மையத்தின் வரிசையில் நின்று பொட்டலத்தை வாங்கும் தாய்க்கு அந்தத் தேர்வு இல்லை. தான இறைச்சியை ஏற்கும் ஒவ்வொரு மாநிலமும், ஈயமற்ற குண்டால் சுடப்பட்ட மானை மட்டும் ஏற்பது என்ற விதியை அடுத்த பருவத்திலேயே கொண்டுவரலாம். அதற்குத் துப்பாக்கிச் சட்டம் எதையும் திருத்த வேண்டியதில்லை, இறைச்சிக் கூடத்தில் நிரப்பும் படிவத்தில் ஒரு கட்டத்தைக் கூட்டினால் போதும்.